மாசம் நாலு கிலோ

பஸ் கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகும் முப்பிடாதி கைப்பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் நோட்டீஸ் இருந்தது, அசல் ஒன்று, நகல் ஒன்று, கூடவே ஒரு படிவம். பசைப் புட்டியும் இருந்தது. அது மேசையிலேயே மறந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் வேண்டாத சாமான் என்றைக்கு மறந்து போயிருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக வேலைக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் புதிதாகக் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று சார்வு. ரேஷனில் உரிமைக்கு மேல் அரிசி வாங்கிய குடும்பத்துக்கு, வாங்கிய அரிசியின் விலையைத் திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் எழுதி, அதை ஆள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருவதற்குப் பெயர் சார்வு செய்வது. வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டால் கதவிலேயே ஒட்டிவிட்டு வரவேண்டும், அதற்குத்தான் பசை. இந்த வருடப் பட்டியலில் நாற்பத்தோரு அட்டைகள். இருபத்தாறு முடிந்துவிட்டது. இன்றைக்கு இருபத்தேழாவது. குடும்பத் தலைவர் ஆவுடைத்தாய், கணவர் சங்கரபாண்டி, காலஞ்சென்றவர், கீழத்தெரு, சாலைக்குளம். அட்டையில் உள்ள இன்னொரு நபர் பதினோரு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கவில்லை, தவிரவும் அரசு ஊழியர், ஆகவே அந்தப் பெயருக்கு வாங்கிய அரிசி முழுவதும் வசூலிக்கத்தக்கது. அந்த இன்னொரு நபரின் பெயர் முப்பிடாதி. ஆவுடைத்தாய் அவளைப் பெற்றவள்.

பட்டியல் திங்கட்கிழமை வந்தது. தன் பெயரைப் பார்த்ததும் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள், இந்த ஜில்லாவில் எந்தத் தெருமுக்கில் நின்று முப்பிடாதி என்று கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தகப்பனார் பெயரைப் பார்த்தாள். பிறந்த தேதியைப் பார்த்தாள். ஆதாரின் கடைசி நான்கு எண்களை, தனக்கு மனப்பாடமான எண்களை, கார்டை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். அவளேதான். பெயரை எடுக்கவில்லை. எடுத்திருப்பார்கள் என்று பதினோரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் அவளாக நினைத்துக்கொண்டது. அவள் மேசைக் கணினியில் எண்ணைத் தட்டினால் மூன்று நொடியில் தெரிந்திருக்கும், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் தட்டிப் பார்த்துச் சொன்னவள் தன் எண்ணை மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை. தட்டி, இல்லை என்று வந்துவிட்டால்? வராதவரைக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு ஒரு மனுஷி வேலைக்குப் போகலாம், சோறு பொங்கலாம், பிள்ளைக்குத் தலை பின்னி விடலாம். கணவன் செல்வினோடு சேர்ந்து தனி அட்டை போடாததற்கும் இதுதான் காரணம். புது அட்டை வேண்டும் என்றால் பழைய அட்டையில் பெயரை நீக்கிய சான்று கேட்பார்கள், அதற்கு அம்மா வீட்டுப் படி ஏற வேண்டும். செல்வினுக்கும் மகளுக்கும் அவன் அம்மாவின் அட்டையில் இடம் கிடைத்தது, இவள் கடையில் காசு கொடுத்து அரிசி வாங்கினாள். மகள் ஜெனிட்டா பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று அட்டையின் நகலை எடுத்துக்கொண்டு போகும்போது, "இதுல நீ எங்கம்மா?" என்று கேட்டாள். இடம் பத்தவில்லை என்று சொன்னாள். எட்டு வயசுப் பிள்ளை நம்பிவிட்டது, நம்பியதுதான் வலித்தது.

வழங்கல் அலுவலர் மாசிலாமணி சார் நல்ல மனுஷர், பென்ஷனுக்கு எட்டு மாதம் இருக்கிறது, யார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஒரே திட்டம். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னம்மா இது, நம்ம ஆபீஸ் பேரே லிஸ்டுல வந்திருக்கு. தலையாரிகிட்ட குடுத்து விட்டுருவோம். சொந்தக்காரங்களுக்கு நீங்களே சார்வு பண்ணக்கூடாது" என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "பேச்சுவார்த்தை இல்ல சார்" என்றாள். எத்தனை வருஷமா? பதினோரு வருஷமா. அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப சொந்தக்காரங்கன்னு எப்படிச் சொல்றது? போயிட்டு வாங்க. மதியத்துக்கு மேல வந்தாப் போதும்" என்றார். விதியை வளைத்து வழிவிடத் தெரிந்த மனுஷரை ஆண்டவன் எட்டு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறான்.

சரி, வந்தாயிற்று, பஸ் ஓடுகிறது, ஐம்பது நிமிஷப் பாதையில் பத்து நிமிஷம் போயாயிற்று. கேள்வி ஒன்றுதான், திங்கட்கிழமையிலிருந்து அது வேறு எதையும் நினைக்க விடவில்லை, குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பது போல உள்ளே நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெயரை அம்மா விட்டு வைத்தது அரிசிக்காகவா, எனக்காகவா? அரிசிக்காக இருக்கும். மாசம் நாலு கிலோ. மூன்று பெயர் இருந்தால் இருபது கிலோ, இரண்டு பெயர் என்றால் பதினாறு, ஒற்றைப் பெயருக்குப் பன்னிரண்டு, எப்படிப் பார்த்தாலும் இவளுடைய பெயரின் எடை நாலு கிலோ. நாலு கிலோவைச் சும்மா விடுகிறவள் இல்லை அம்மா. ரேஷன் கடையில் தராசு முள் நிற்பதற்குள் பையை எடுக்கச் சொன்னால் "நிக்கட்டும், அதுக்கு என்ன அவசரம், அது பஸ்ஸுக்கா போவுது?" என்பாள். வீட்டுக்கு வந்து மறுபடி படியில் அளந்து, அரைப்படி குறைந்தாலும் அதே வெயிலில் திரும்பி நடப்பாள். கடைக்காரர் அவள் தலையைத் தெருமுனையில் கண்டதுமே தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவள் மாசம் நாலு கிலோவை, மகள் ஓடிப்போன அவமானத்துக்காக, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாளா? மானம் ஒருபக்கம் இருக்கட்டும், சட்டிக்கு அரிசி வேண்டாமா? அரிசிதான். ஓடிப்போனவளுடைய பெயரும் ஒரு பிரயோஜனத்துக்கு ஆகிறது என்று விட்டு வைத்திருக்கிறாள். அதில் தப்பு என்ன. தப்பே இல்லை. இப்படித் தீர்மானமாக நினைத்து முடித்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வாழைத் தோட்டமும், தோட்டத்துக்கு நடுவில் செல்போன் கோபுரமும், அதற்குப் பிறகு ஒன்றுமில்லாத காடும் போயின. கடம்பங்குளம் விலக்கில் ஒரு அம்மாள் ரேஷன் பையோடு ஏறி இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையின் தையல் பிரிந்து, பஸ் குலுங்கும் போதெல்லாம் அரிசி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் சிந்தியது. அந்த வாடை. சாக்கும் ஈரமும் புழுங்கலும் கலந்த அந்த வாடையை அலுவலகக் கிட்டங்கியில் தினமும்தான் முகர்கிறாள், அங்கே அது கோப்பு வாடை மாதிரி சும்மா இருக்கும், இங்கே ஓடுகிற பஸ்ஸில் அது நேரே போய் அம்மாவின் சுளகைத் தொட்டது. சுளகில் பரப்பிய அரிசி, ஒரு ஓரத்தில் கல், ஒரு ஓரத்தில் கருப்பு அரிசி, நடுவில் அம்மாவின் விரல். பீடி சுற்றிச் சுற்றி ரேகை தேய்ந்த விரல். அந்த விரலைக் கைரேகை மிஷினில் வைத்தால் யாரென்றே தெரியவில்லை என்று மிஷின் சொல்லுமாமே, அப்போது எப்படி வாங்கியிருப்பாள், பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் சுண்டுவிரலுக்கு வழிவிட்டிருக்குமோ. குனிந்து சிந்திய அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தது அவளுக்கே தெரியவில்லை. "விடுங்கம்மா, நீங்க போயி… டீச்சருங்களா?" என்றாள் அந்த அம்மாள். "இல்ல, ரேஷன் ஆபீஸ்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தபடியே பையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள், அப்புறம் எருக்கம்பட்டி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. முப்பிடாதிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. கையில் பொறுக்கிய அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் மூடிய கையோடே உட்கார்ந்திருந்தாள்.

இப்படித்தான் எல்லாரும் அவளைப் பார்த்ததும் எதையாவது ஒளிக்கிறார்கள். பதினாலாவது அட்டையில் ஒரு தாத்தா, செத்து ஆறு வருடமான பொண்டாட்டியின் பெயரை எடுக்காமல் வைத்திருந்தவர், நோட்டீஸை வாங்கிக்கொண்டு, "அவ பேரையும் எடுத்துட்டா கார்டுல நான் ஒத்தைலல்லா நிப்பேன்" என்றார். விதி அப்படித்தான் தாத்தா என்று சொல்லிவிட்டு வந்தாள், சொல்லும்போது தன் குரல் மாசிலாமணி சார் குரல் மாதிரியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இறங்காமல் என்ன, மறுநாள் பதினைந்தாவது அட்டைக்குப் போனாள். அந்தத் தாத்தாவுக்கு அரிசியா, பொண்டாட்டியா? இரண்டும்தான். அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டே அவளை நினைத்திருப்பார், அதில் எது முந்தி எது பிந்தி என்று அவரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்குமா? அப்படியானால் அம்மாவுக்கும் இரண்டுமாக இருக்கலாமே. இருக்கலாம். ஆனால் அந்தத் தாத்தா பொண்டாட்டியைத் தலைமுழுகவில்லை. இங்கேதான் நினைப்பு போய் முட்டி நிற்கும், எந்த வழியாகப் போனாலும் இந்தச் சுவர்தான்.

தலைமுழுகினார்கள். அதை அவள் கண்ணால் பார்க்கவில்லை, கூடப் படித்தவள் போனில் சொன்னாள். வேதக்காரப் பையனோடு, ஒரு கிறிஸ்தவனோடு, மகள் போய்விட்டாள் என்று தெரிந்த மறுநாள் விடிகாலையில் அப்பா குளத்துக்குப் போய் மூன்று முறை முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு தெரு வழியாக வீட்டுக்கு வந்தாராம், வந்து, இந்த வீட்டில் இனிமேல் அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்றாராம். அம்மாவும் முழுகினாளா? அதை அந்தச் சிநேகிதி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் எத்தனை முறை மனசுக்குள் அந்தக் குளத்தங்கரையில் போய் நின்று பார்த்திருப்பாள். சில நாள் அம்மா படித்துறையில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள். சில நாள் அப்பாவுக்கு முன்னால் இறங்கி முங்குகிறாள். அது அன்றன்றைக்கு இவளுக்கு இருக்கிற மனசைப் பொறுத்தது. பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் யாருமில்லாத அன்று அம்மா இடுப்பு மட்டும் தண்ணீரில் நின்றாள், முங்கவும் இல்லை, கரையேறவும் இல்லை. செல்வினின் அம்மா நல்லவள், பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள், ஆனால் பூண்டுக் குழம்பில் சீரகம் போட்டாள். நம் வீட்டில் போடுவதில்லை என்று சொல்ல வாயெடுத்து, எது நம் வீடு என்று யோசித்து, பேசாமல் சாப்பிட்டாள்.

அப்பா செத்தது போஸ்டரில்தான் தெரியும். மூன்று வருடம் இருக்கும். பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் பஸ் சிக்னலில் நின்றபோது எதிர்ச் சுவரில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் அஞ்சலி. அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை, எந்தக் கல்யாண வீட்டில் எடுத்த படமோ. கீழே பெயர்கள். மனைவி, அண்ணன், அண்ணன் பிள்ளைகள், மச்சினர்கள், பீடிக் கம்பெனி நண்பர்கள், ஆட்டோ நிறுத்தத்தார். மகள் என்று ஒரு வரி இல்லை. இறங்கி ஓடினாள், சாலைக்குளம் விலக்கு வரைக்கும் போனாள். கீழத்தெரு முக்கில் கொட்டுச் சத்தம் கேட்டது. அங்கிருந்த சோடாக் கடை நிழலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அன்றைக்குச் செத்தது யார் என்று செல்வின் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்ததுமே தண்ணீர் சுட வைத்துக் குளிக்கச் சொன்னான். கூடவே நின்று தலையில் தண்ணீர் ஊற்றினான். அதை நினைத்தால் இப்போதும் அவன்மேல் ஒரு வாஞ்சை பொங்கிக்கொண்டு வரும். இன்றைக்குக் காலையிலும் மோட்டார் கடைக்குக் கிளம்பும்போது, "பணத்த நாம கட்டிருவோம். நீ பேசாம நோட்டீஸக் குடுத்துட்டு, தண்ணி குடுத்தாக் குடிச்சிட்டு வா. குடுக்கலேன்னாலும் வா" என்றான்.

ஆனால் இங்கே ஒன்று இருக்கிறது, திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அவள் கண்டுபிடித்தது. பட்டியலில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டினாள். சங்கரபாண்டி, நீக்கப்பட்டது, காரணம் இறப்பு. தேதியைப் பார்த்தாள். அப்பா போய் இருபது நாளில் நீக்கியிருக்கிறது. அம்மா பதினாறாம் நாள் முடிந்த கையோடு போய் நின்றிருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு அட்டை ஞாபகம் இருந்தது, வழி தெரிந்திருந்தது, அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றொரு பெயரை விட்டிருக்கிறாள். மறதி இல்லை. மறதியாக இருந்தால் இவளுக்குச் சங்கடமே இல்லை, அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது மறதி இல்லை, நினைத்து விட்டு வைத்தது. என்ன நினைத்து? நாலு கிலோவை நினைத்தா? மறுபடியும் அங்கேயே வந்தாயிற்று, செக்குமாடு கூட இடையில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். கண்டக்டர், "சாலைக்குளம் யாரு? சாலைக்குளம்!" என்று இரண்டாம் முறை கத்திய பிறகுதான் எழுந்தாள். அரிசி கையில் வேர்த்து ஒட்டியிருந்தது. இறங்கி, மைல் கல் மேல் வைத்துவிட்டு நடந்தாள், ஏதாவது காக்கா தின்னும்.

தெரு ஒன்றும் அவளைக் கண்டுகொள்ளவில்லை. பாதி வீடு மெத்தை வீடாகியிருந்தது, அந்தச் சோடாக் கடையில் இப்போது போனுக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள், குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத்தான் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. லோன் ஆபீஸா என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்டது காதில் விழுந்தது. கதவு சாத்தியிருக்க வேண்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. சாத்தியிருந்தால் ஒட்டிவிட்டு வந்துவிடலாம். அப்புறம் காலத்துக்கும் தெரியாமலே இருக்கும், தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழகிய இடம். பெற்ற வீட்டுக் கதவில் வசூல் நோட்டீஸ் ஒட்டுகிறவளை இன்னொரு மனசு பார்த்து, தூ என்றது. கதவு திறந்துதான் இருந்தது. வாசல்படிக்கு உள்ளே, வெளிச்சம் விழுகிற இடத்தில், மடியில் பீடித் தட்டோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. இவ்வளவுதானா அம்மா, இவ்வளவு சின்ன ஆளா.

"யாரு அது, வெளிச்சத்த மறச்சுக்கிட்டு?"

நான்தாம்மா என்று சொல்ல வேண்டும், அதைத்தான் ஐம்பது நிமிஷம் பஸ்ஸில் நூறு முறை சொல்லிப் பார்த்தாள். வாயிலிருந்து வந்தது, "வழங்கல் ஆபீஸ்ல இருந்து வாரேன்." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அம்மாவின் கை ஒரு நொடி நின்றது, அப்புறம் இலையை உருட்டி நூலைச் சுற்றியது. பக்கத்தில் ஒரு கோழி அரிசிக் குருணையைக் கொத்திக்கொண்டிருந்தது. அம்மா கோழியைப் பார்த்துச் சொன்னாள், "ஆபீஸ்காரி வெயில்ல நிக்கா. உள்ள வந்து உக்காரச் சொல்லு." பேச்சில்லாதவர்கள் பேசுகிற முறை அது. அப்பாவும் பெரியப்பாவும் வரப்புச் சண்டையில் நாலு வருடம் ஒரு வேப்பமரத்தை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டார்கள். முப்பிடாதி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். உறையைப் பிரித்து நோட்டீஸை வாசித்தாள், மேற்படி குடும்ப அட்டையில், மேற்படி நபர், மேற்படி காலத்தில், குரல் எங்கெங்கோ போயிற்று, மேற்படி மேற்படி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்வது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஐந்நூற்று இருபத்தெட்டு கிலோ. இருபதாயிரத்து அறுபத்து நாலு ரூபாய்.

"மொத்தமாவா கட்டணுங்கா?" என்றாள் அம்மா கோழியிடம்.

"மாசாமாசம் கட்டலாம். நான் கட்டிருதேன்."

"அவ எதுக்குக் கட்டணும்? தின்னது நானு." இன்னொரு இலையை எடுத்தாள். "நாலு கிலோ அரிசிய வேண்டாம்னு சொல்லுததுக்கு நான் என்ன பண்ணையார் பொண்டாட்டியா? குடுத்தான், வாங்குனேன். பொங்குனேன், தின்னேன். இல்லேங்கல. ஆபீஸ்ல போயி அப்பிடியே சொல்லச் சொல்லு."

ஆக, அரிசிதான். நல்லது, தெரிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது சட்டென்று நின்று, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஆனது. அழுகைகூட வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போகலாம், பன்னிரண்டரைக்கு ஒரு பஸ் இருக்கிறது. நோட்டீஸின் நகலில் கையெழுத்து வாங்கினாள், ஆவுடைத்தாய் என்று அம்மா எழுத்துக் கூட்டி எழுதியது நான்கு அங்குலத்துக்கு நீண்டது. அப்புறம் உறையில் இருந்த இன்னொரு தாளை எடுத்தாள், பெயர் நீக்கப் படிவம். நோட்டீஸோடு அதையும் முடித்துவிட வேண்டும் என்பது விதி, இல்லாவிட்டால் அடுத்த மாசமும் நாலு கிலோ ஏறும். பெயர், எண், உறவுமுறை மகள். நீக்கும் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள், இறப்பு, திருமணம், இடம்பெயர்வு. எதையும் யாரையும் கேட்க வேண்டியதில்லாத கட்டம் மூன்றாவதுதான். பேனா தானாக அங்கே போயிற்று.

"நில்லு" என்றாள் அம்மா. தட்டை இறக்கித் தரையில் வைத்தாள். கோழியை மறந்துவிட்டாள், இவளை நேரே பார்த்தாள். "அதுல என்னன்னு போடப் போற?"

"ஊரு மாறியாச்சுன்னு."

"இந்தக் கேள்விதான் அன்னைக்கும். உங்கப்பா இருக்கவரைக்கும் கார்டத் தொடவிடல. ஆபீஸ்ல போயி உன் பேரச் சொல்லில்லா எடுக்கணும், அவரு வாயால சொல்லமாட்டாரே. அதனால எட்டு வருசம் கெடந்துது. அவரு போன பொறவு அவரு பேர எடுக்கப் போனேன், உங்க பெரியப்பா மவன் கூட வந்தான். ரெண்டையும் ஒரேயடியா எடுத்திருவோம் சித்திங்கான். கம்ப்யூட்டர்ல இருந்த பிள்ள கேக்கு, மவ பேர என்னன்னு எடுக்க, செத்துப்போச்சா, கல்யாணமாச்சா, ஊரு மாறியாச்சான்னு. இவன் சொல்லுதான், செத்துப்போச்சுன்னு போடுன்னு. பெத்தவ பக்கத்துல நிக்கேன்." அம்மா நூல்கண்டைக் கையில் எடுத்து, கீழே வைத்தாள். "நானும் உங்கப்பாகூடக் கொளத்துல முங்கினவதான். மனுசன் கரையில நிக்காரு, முங்காம என்ன செய்ய. பத்து நா சளி புடிச்சுக் கெடந்தேன். ஆனா அந்தப் பிள்ள கேட்டப்போ அதுக்கு ஆமான்னு சொல்ல வரல. கல்யாணமாச்சுன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துது. அதுவும் அன்னைக்கு வரல. ரெண்டுஞ் சொல்ல முடியாம, கெடக்கட்டும் தாயி, பொறவு வாரேன்னு திரும்பி வந்துட்டேன். அரிசி அதும்பாட்டுக்கு வந்துது."

முப்பிடாதி பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். அரிசியா, நானா என்று இவள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது எதுவுமே இல்லை. அம்மா ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறாள், பொய்யைச் சொல்ல மனசு வரவில்லை, உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடமாக இவள் உயிரோடு இருந்திருக்கிறாள். பெற்றவளைப் பற்றி எவ்வளவு கணக்குப் போட்டோம், அவள் பாட்டுக்கு இங்கே உட்கார்ந்து ஒரு வார்த்தைக்காகத் திணறிக்கொண்டிருந்திருக்கிறாள், அம்மா, அம்மா. கண் மறைத்தது. கட்டங்கள் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

"கல்யாணம்னு போடுட்டி" என்றாள் ஆவுடைத்தாய்.

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். அந்தக் கட்டத்தில் குறி போட்டால் அடுத்த வரியையும் நிரப்ப வேண்டும், கணவர் பெயர். பேனா நின்றுவிட்டது. இந்த வீட்டின் தரையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா படத்துக்குக் கீழே, அதை எப்படி எழுதுவது. ஒரு வரி எழுதுவதற்கு மறுபடியும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அம்மா. "செல்வின். எழுது."

அந்த நாலு எழுத்தை எழுதி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.